வில்சன், டிரெவெல்யன், ஒரு எஸ்எம்எஸ்

"எந்தக் கட்சிக்குப்பா கொடுத்த?"

"தெரியலண்ணே."

"எவ்வளவு?"

"ஒரு லட்சம்னு போட்டிருக்காம்."

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில், தங்கமணி போட்டுக்கொடுத்த ஃபில்டர் காபியை ஆறவிட்டபடி உட்கார்ந்திருந்தான் தம்பி. கூடப் பிறந்த தம்பி இல்லை. தேனிப் பக்கத்துப் பையன். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் என் ஆபீஸிலேயே வேறொரு ப்ராஜெக்டில் ஆணி பிடுங்குகிறான். இந்த ஊரில் லிஃப்டில் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அப்படி ஒட்டிக்கொண்ட உறவு. வயது 25.

வருமான வரித்துறையிலிருந்து அவனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது. அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகச் சொல்லி 80ஜிஜிசி பிரிவில் கழிவு கேட்டிருக்கிறீர்கள், சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தவறென்றால் திருத்திக்கொள்ளுங்கள் என்கிற ரகம். மிரட்டல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பையன் இரண்டு நாள் தூங்கவில்லை.

கதை சின்னதுதான். 2024 ஜூலையில் அவன் தங்கியிருந்த பி.ஜி.யின் வாட்ஸப் குழுவில் ஒரு ஏஜென்ட் நம்பர் சுற்றிவந்தது. ஃபார்ம் 16-ஐயும் பாஸ்வேர்டையும் அனுப்பினால் போதும், பிடித்த வரியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கித் தருவார், வந்ததில் பத்து சதவீதம் அவருக்கு. பையன் அனுப்பினான். 20,800 ரூபாய் வங்கியில் விழுந்தது. 2,080-ஐ ஏஜென்டுக்கு ஜிபே செய்துவிட்டு, மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி. ஏஜென்ட் தன் பெயரில் ஒரு லட்ச ரூபாயை ஏதோ ஒரு கட்சிக்கு அள்ளிக் கொடுத்திருப்பது ஒரு வருடம் கழித்துத்தான் அவனுக்குத் தெரியும்.

"ரிட்டர்ன்னா என்னன்னு உனக்கு யாராவது எப்பவாவது சொல்லிக்கொடுத்தாங்களாப்பா? ஸ்கூல்ல, காலேஜ்ல?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பிசிராந்தையார் படிச்சிருக்கோம்ணே."

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் அவ்வளவுதான் படித்திருந்தேன்.

புறநானூற்றின் 184-ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன யோசனை. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் நெல்லாக இருந்தாலும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் இறங்கினால் நூறு வயலானாலும் தின்றதைவிட மிதித்தது அதிகம். 2019 ஜூலை 5 அன்று நிர்மலா சீதாராமன் தன் முதல் பட்ஜெட் உரையில் இதைத்தான் எடுத்துச் சொன்னார். (அதே உரையில் இரண்டு கோடிக்கு மேல் சம்பாதிக்கும் யானைகளுக்கு சர்சார்ஜை ஏற்றியதும் நடந்தது.) அருமையான பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அது யாருக்குச் சொன்னது? ராஜாவுக்கு. நெல்லை அறுத்து, கவளம் உருட்டி, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவனுக்கு எந்தப் பாட்டிலும் எந்தப் பாடத்திலும் ஒரு வரி கிடையாது. இந்த நாட்டு வருமான வரியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், ஆரம்பத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆரம்பம் இதே கொல்கத்தாதான். 1857 கலகத்தை அடக்கியதில் அரசாங்கத்துக்குக் கடன் கழுத்து வரை ஏறியிருந்தது. அதைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். தொப்பித் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1843-ல் 'தி எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1859 கடைசியில் இங்கே வந்து இறங்கி, மறு வருடமே வருமான வரியைக் கொண்டுவந்துவிட்டார். வருடத்துக்கு 200 ரூபாயிலிருந்து 500 வரை சம்பாதிப்பவர்களுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். சட்டத்தில் 21 பாகங்கள், 259 பிரிவுகள். 1860 ஜூலை 24-ல் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கிடைத்தது. 150 வருடம் ஆனதை ஒட்டி 2010-லிருந்து அந்த நாளைத்தான் வருமான வரி நாளாகத் துறை கொண்டாடுகிறது.

வில்சன் தன் வரியை எப்படி நியாயப்படுத்தினார் என்பது சுவாரசியம். கவுன்சிலில் பேசும்போது மனுதர்மத்தைத் துணைக்கு அழைத்தார். உங்கள் பழைய சாஸ்திரமே ராஜாவுக்கு இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறதே என்று. ஸ்காட்லாந்துக்காரர் மனுவைப் புரட்டியதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் ராஜாவின் உரிமைதான் பேச்சு. கட்டப்போகிறவன் 259 பிரிவுகளை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வான் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வங்காள ஜமீன்தார்கள் மட்டும் தெளிவாக இருந்தார்கள்: 1793-ல் நிரந்தரத் தீர்வை பேசியபோதே எங்கள் கணக்கு முடிந்துவிட்டது, இனி எங்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று. அவர்களுக்கு வக்கீல் இருந்தார்.

இதில் நம் சென்னை எப்படி வந்தது என்றால், அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். மெக்காலேயின் தங்கை கணவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்ததே, மூர் மார்க்கெட்டும் ரிப்பன் கட்டடமும் பின்னால் எழும்பிய அந்த நிலம், அந்தப் பூங்காவுக்கு யோசனை சொன்னவர் இவர்தான். டிரெவெல்யனுக்கு வில்சனின் வரி அடியோடு பிடிக்கவில்லை. செலவைக் குறை, வரியைப் போடாதே என்பது அவர் கட்சி. சொல்வதைக் கடிதமாக எழுதிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனுஷர் தன் எதிர்ப்புக் குறிப்பைச் செய்தித்தாள்களுக்கே கொடுத்துவிட்டார்! ஒரு மாகாண கவர்னரே மேலிடத்து வரியைப் பகிரங்கமாக எதிர்த்தால் லண்டன் விடுமா? 1860-லேயே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

என் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் டிரெவெல்யன் இல்லை. அவர் செய்தது ஒழுங்குமீறல், சரி. ஆனால் இந்த வரியைப் பற்றி அரசாங்கத்துக்குள் நடந்த சண்டையைக் கட்டப்போகிறவன் கண்ணில் படும்படி வைத்த முதல் ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கிடைத்த பரிசு, வீட்டுக்குப் போ.

வில்சனும் அதிக நாள் இருக்கவில்லை. கல்கத்தாவின் கோடையில் மலைக்குப் போகாமல் வேலை செய்து, வயிற்றுக்கடுப்பில் 1860 ஆகஸ்ட் 11-ல் போய்ச்சேர்ந்தார். சட்டம் வந்து மூன்று வாரம்கூட முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1863-ல் இந்தியாவின் நிதிப் பொறுப்புக்கு வந்து உட்கார்ந்தவர் அதே டிரெவெல்யன். அவர் காலத்திலேயே, 1865-ல், வில்சனின் வருமான வரி காலாவதியானது. பிறகு 1869-ல் வந்தது, 1873-ல் போனது. நிலையாக உட்கார்ந்தது 1886 சட்டத்தோடுதான்.

வில்சனின் கல்லறை மல்லிக் பஜாரில் இருக்கிறது. எங்கே என்பதே பல காலம் மறந்துபோய், வரி வரலாறு எழுதத் தகவல் தேடிய ஒரு வருமான வரி அதிகாரி 2007-ல் கண்டுபிடித்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். வெளியே பழைய வண்டிகளின் பம்பரும் கார்புரேட்டரும் குவிந்து கிடக்கும் உதிரிபாகக் கடைகள். உள்ளே பாசி, மழைத்தண்ணீர், காக்கை. கூட வந்த வங்காள நண்பர், "தாதா, இவரால்தானா மாசாமாசம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்?" என்று கேட்டு, கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கிண்டலா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1886 சட்டத்தில் ஆண்டுக்கு 500 ரூபாய் வருமானம் இருந்தால் வரி. அந்தக் காலத்து 500 என்றால் சின்னக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், குமாஸ்தா எல்லோரும் வலைக்குள். சம்பளக்காரன் கணக்கு காகிதத்தில் இருக்கும். கடைக்காரன் கணக்கு? வந்து பார்க்கும் உள்ளூர் அதிகாரியின் மதிப்பீடுதான். 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியபோது, ஆயிரத்துக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்த வரி வசூலாகும் விதம் சரியில்லை, வரம்பை ஆயிரமாக்குங்கள் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். ஆயிரமானது 1903-ல், கர்சன் காலத்தில். பதினைந்து வருடத்துக்கு மேல்! இடைப்பட்ட காலத்தில் அதிகாரிக்கும் கடைக்காரருக்கும் நடுவில் பேச ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும். இந்த நடு ஆளைத்தான் நான் இந்தக் கதை முழுக்கப் பின்தொடர்கிறேன்.

விருதுநகரில் எங்கள் அப்பாவுக்கு அந்த நடு ஆள் மதுரையிலிருந்து வருவார். பலசரக்குக் கடை. 'ஆடிட்டர்' என்று சொல்வோம், உண்மையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர். வருகிற அன்று வீட்டில் கோழி. அப்பா பேரேட்டை எடுத்துவைப்பார். எந்தப் பேரேடு என்று கேட்கக் கூடாது. அவர் எதையோ எழுதுவார், அப்பா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா ஒரு நாளும் படித்ததில்லை. கணக்கில் புலி அவர், பேரேட்டில் ஒரு பைசா பிசகினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவார். அந்த ஒரு காகிதம் மட்டும் அவருக்கு சாமி சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி. தொடக்கூடாது.

அப்பாவைக் குறை சொல்லி என்ன? அவர் கடை வைத்த காலத்தில், 1973-74-ல், உச்ச வரி விகிதம் 97.75 சதவீதம். 85 சதவீத வரி, அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ். இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இரண்டே கால் ரூபாய்தான் கையில் நிற்கும். அப்பா அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. ஆனால் கீழே இருப்பவன் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வது மேலே இருப்பவனைப் பார்த்துத்தான். இவ்வளவு வரி போட்டால் மறைக்கத்தான் செய்வார்கள் என்று 1971-லேயே வாஞ்சு கமிட்டி எழுதிக் கொடுத்திருந்தது. அடுத்த சில வருடங்களில் விகிதம் இறங்கியது. பழக்கம் இறங்கவில்லை.

(இடையில் ஒரு விஷயம். ஆர்.கே. சண்முகம் செட்டியார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று நிதியமைச்சர் நாற்காலியில் இத்தனை தமிழர்கள். சொத்து வரியையும் செலவு வரியையும் 1957-ல் கொண்டுவந்தவர் டி.டி.கே.தான். ஆனாலும் எங்கள் தெருவில் 'இன்கம்டாக்ஸ்' என்பது ரெய்டுக்கு இன்னொரு பெயர்.)

1997-ல் சிதம்பரம் உச்ச விகிதத்தை 30 சதவீதத்துக்கு இறக்கினார். அதே வருடம் தானாக முன்வந்து கறுப்பைச் சொல்லும் திட்டம் வந்தது. சுமார் 33,000 கோடி ரூபாய் வெளியே வந்தது, பெரிய வெற்றி என்றார்கள். நான் அப்போது கல்லூரியில். எனக்குப் புரிந்த பாடம் இதுதான்: ஒழுங்காக வருடாவருடம் 40 சதவீதம் கட்டியவன் ஏமாளி, பத்து வருடம் ஒளித்துவைத்துக் கடைசியில் 30 கட்டியவன் கெட்டிக்காரன். நகையை 1987-ன் விலையில் காட்டியும் தப்பித்தார்கள். வரியைப் பற்றி அரசாங்கம் நாடு முழுக்க விளம்பரம் செய்து என் காதில் விழுந்த முதல் செய்தி, கட்டாதவனுக்கு விடுத்த அழைப்பு. என் வயசுப் பையன்களுக்கு அதைவிட மோசமான ஒரு வகுப்பு எடுத்திருக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் 'ஆறில் ஒன்று' வந்தது. கார், வீடு, டெலிபோன், வெளிநாட்டுப் பயணம், கிரெடிட் கார்டு, கிளப் மெம்பர்ஷிப். இவற்றில் ஒன்று இருந்தால் வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். முதலில் குறிப்பிட்ட பெரிய நகரங்களுக்கு மட்டும் வந்து, பிறகு படிப்படியாக விரிந்தது. எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 'போன் வாங்கினா இன்கம்டாக்ஸ்காரன் வருவான்' என்ற அளவில் செய்தி பஜார் முழுக்கப் பரவியது. நாலு வருடம் காத்திருந்து முறை வந்த டெலிபோன் இணைப்பை அப்பா வேண்டாம் என்று திருப்பினார். நான் ஹாஸ்டலிலிருந்து பக்கத்து ஜவுளிக்கடைக்கு போன் செய்து, 'அப்பாவைக் கூப்பிடுங்க அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஞாபகம் இருக்கிறது. திட்டத்தை 2006-ல் எடுத்துவிட்டார்கள். அம்மா உடம்பு சரியில்லாமல் கிடந்த ஒரு வாரமும் எனக்குத் தகவல் தாமதமாகத்தான் வந்தது.

நான் கொல்கத்தாவுக்கு வந்தது 2003-ல். இனி என் வண்டவாளம். அந்த மார்ச்சில் ஆபீஸில் வாடகை ரசீது கேட்டார்கள். நான் கொடுத்த வாடகை 4,500. பக்கத்து சீட்டுக்காரர், "7,000 என்று எழுது, எல்லோரும் அப்படித்தான்" என்றார். பன்னிரண்டு ரசீது. ரெவின்யூ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, வீட்டுக்காரர் கையெழுத்தை நானே இடது கையால் போட்டேன். அப்பா செய்தால் எனக்குக் கூச்சமாக இருந்த அதே வேலை. அவராவது இன்னொருவரை வைத்துச் செய்தார். இரண்டு வருடம் இப்படி ஓடியது. நான் திருந்தியது மனசாட்சியால் என்று எழுத ஆசைதான். வீட்டுக்காரர் மாறினார், புதியவர் வங்கியில்தான் வாங்குவேன் என்றார், அவ்வளவே. ஆகவே தம்பியைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. நான் திட்டவும் இல்லை.

துறைக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1998-ல் யஷ்வந்த் சின்ஹா 'சரல்' என்று ஒரே பக்கத்தில் ஒரு படிவம் கொண்டுவந்தார். 2006-ல் ஒரு நல்ல யோசனை: 21 முதல் 35 வயது வரையிலான பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் ஆட்களாக ஊருக்குள் அனுப்புவது. மக்களிடம் 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது நடு ஆளை ஒழிக்க முடியாது, நல்ல நடு ஆளை உருவாக்குவோம் என்கிற நினைப்பு. எனக்கு இது இன்றைக்கும் பிடித்த திட்டம். ஆனால் என் அனுபவத்தில், ஆபீஸ் வாசலில் டீக்கடைக்காரர் பரிந்துரைத்த ஏஜென்டைத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

உண்மையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கம்ப்யூட்டர். 2006-ல் கம்பெனிகளுக்கு ஆன்லைன் ரிட்டர்ன் கட்டாயமானது. பிறகு நாங்களும் ஒவ்வொருவராக நுழைந்தோம். 2009-ல் பெங்களூரில் மத்தியச் செயலாக்க மையம் வந்தது. ஐடிஆர்-வி என்ற ஒரு தாளை அச்செடுத்து, கையெழுத்திட்டு, சாதாரணத் தபாலில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். கூரியர் கூடாது! 120 நாளுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்போம், ஏதோ காதல் கடிதம் போட்ட மாதிரி. 2015-ல் ஆதார் ஓடிபி வந்து அந்தத் தபாலும் தேவையில்லாமல் போனது. முதன்முறையாக நானே போட்டு, நானே சரிபார்த்து, 1,340 ரூபாய் ரீஃபண்ட் யாருக்கும் கமிஷன் கொடுக்காமல் வங்கியில் வந்து விழுந்த அன்று, அப்பாவுக்கு போன் செய்தேன். (ஆமாம், அப்போது வீட்டில் போன் இருந்தது.) "கோழி அடிக்காமலே பணம் குடுத்துட்டானா?" என்றார்.

2021 நவம்பரில் ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கை வந்தது. உங்கள் சேமிப்புக் கணக்கின் வட்டி, டிவிடெண்ட், விற்ற பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்று துறைக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி உங்கள் கண்முன். 1860-லிருந்து அதிகாரியின் கையில் மட்டும் இருந்த கோப்பை நமக்கும் காட்டுகிறார்கள். வரிப் பாடத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் கட்சி. முதல் சம்பளம் வாங்கிய பையனை உட்காரவைத்து இந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினால் அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வான். யாரும் காட்டுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முயற்சி நடந்தது. 2022 ஜூன் 11 அன்று கோவாவில், பனாஜியில், நிர்மலா சீதாராமன் சில விளையாட்டுச் சாமான்களை வெளியிட்டார். 'பாம்பு, ஏணி, வரி' என்று ஒரு பரமபதம்: நல்ல வரிப் பழக்கத்துக்கு ஏணி, கெட்ட பழக்கத்துக்குப் பாம்பு. வரிப்பணத்தில் கட்டிய திட்டங்களை வைத்து ஞாபக விளையாட்டு ஒன்று. இந்தியா கேட் வடிவில் முப்பது துண்டுப் புதிர். அப்புறம் மோட்டு பட்லு நடிக்கும் டிஜிட்டல் காமிக்ஸ். செய்தியைப் படித்தபோது நான் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரிக்கவில்லை. மோட்டு அவளுக்கு உறவினர் மாதிரி. "மோட்டு சமோசா வாங்கினா அவனும் டாக்ஸ் கட்றானாப்பா?" என்றாள். கட்டுகிறான் என்றேன். "அப்ப நான்?" நீயும்தான், போன வாரம் வாங்கின பென்சில் பாக்ஸுக்கு என்றேன். பில்லை எடுத்துவரச் சொல்லி, ஜிஎஸ்டி வரியைத் தேடி, அதன்கீழ் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவைத்துக்கொண்டாள். நான் சிரித்தது தப்பு என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டேன்.

ஆனால் பத்து வயதில் மோட்டு பட்லு, அப்புறம்? பதினொன்றிலிருந்து இருபத்திரண்டு வரை ஒன்றுமில்லை. பிளஸ் டூவில் இல்லை, என்ஜினியரிங்கில் தெர்மோடைனமிக்ஸ் உண்டு, ஃபார்ம் 16 இல்லை. இருபத்திரண்டில் வேலை, முதல் ஜூலை, வாட்ஸப்பில் ஏஜென்ட் தயாராக நிற்கிறார். அவர் அழகாகப் பேசுகிறார், அவனுடைய மொழியிலேயே பேசுகிறார், ராத்திரி பதினோரு மணிக்கும் பதில் போடுகிறார். 2024 ஜூலை 31 வரை வந்த 7.28 கோடி ரிட்டர்ன்களில் 58.57 லட்சம் பேர் முதல்முறையாகப் போட்டவர்கள். அவர்களில் எத்தனை பேர் தன் கையால் போட்டிருப்பார்கள், எத்தனை பேர் பாஸ்வேர்டை அனுப்பியிருப்பார்கள்?

துறையும் இப்போது போனுக்குள் வரக் கற்றுக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில், வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பினார்கள். அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பங்கைச் சம்பளத்தோடு வாங்கிக்கொண்டு, அதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்றே தெரியாமல் இருந்த ஐடி ஆட்கள் நம்மில் நிறைய. காட்டாவிட்டால் 2015 சட்டப்படி பத்து லட்சம் வரை அபராதம். என் நண்பர்கள் இருவருக்கு வந்தது, ஒருவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்த ஒரு முயற்சியில் 24,678 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தினார்கள். காட்டப்பட்ட வெளிநாட்டுச் சொத்து 29,208 கோடி. 2025 ஜூலையில் பொய்க் கழிவு போட்டுத்தரும் ஏஜென்டுகள் மேல் 150 இடங்களில் சோதனை நடந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். மிரட்டாமல் சொன்னாலே இத்தனை பேர் கேட்கிறார்கள். அப்படியானால் அந்த எஸ்எம்எஸ்ஸை ஒரு வருடம் முன்னால், பையன் ரிட்டர்ன் போடும் முன், ஜூலை முதல் தேதி அனுப்பியிருக்கலாமே? 'உங்கள் ஏஐஎஸ் இங்கே, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், கொடுக்காத நன்கொடையைப் போட்டால் இன்ன ஆகும்' என்று மூன்று வரி. தமிழில், வங்காளத்தில், ஒடியாவில்.

இன்னொரு நல்லதும் நடந்தது. 1961 சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்து 2025-ல் புதிய சட்டம் நிறைவேறியது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இரண்டு பெயரை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குழப்பியதை எடுத்துவிட்டு 'வரி ஆண்டு' என்று ஒன்றாக்கினார்கள். இருபது வருடம் ரிட்டர்ன் போட்ட எனக்கே ஒவ்வொரு ஜூலையிலும் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு நிமிடம் கை நிற்கும். பிரிவுகள் 536. வில்சனின் 259-க்கு இரண்டு மடங்கு. பரவாயில்லை, படிக்கும்படி இருந்தால் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பாஸ்வேர்டை மாற்றினோம். 2022-லிருந்து திருத்திய ரிட்டர்ன் போட ஒரு வழி இருக்கிறது, ஐடிஆர்-யு என்று. நன்கொடையை நீக்கினோம். வாங்கிய ரீஃபண்ட் 20,800, அதற்கு வட்டி, இரண்டும் சேர்ந்ததன் மேல் 25 சதவீதம் கூடுதல். மொத்தம் முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஏஜென்டுக்குக் கொடுத்த 2,080 தனி. பையன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மாதாமாதம் ஊருக்கு அனுப்புவதைவிட அதிகம்.

"அண்ணே, போடலேன்னா?"

"நோட்டீஸ் வரலாம். வராமலும் போகலாம். உன் இஷ்டம்."

பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. தங்கமணி இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைக் குடித்துவிட்டு, நெட்பேங்கிங்கைத் திறந்து கட்டினான்.

கட்டி முடித்த கையோடு ஊருக்கு போன். அவன் தங்கைக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறதாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஏஐஎஸ் என்றால் என்ன, எப்படித் திறப்பது என்று அரைகுறையாகச் சொல்ல ஆரம்பித்தான். நடுநடுவில் நான் திருத்தினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"இதுக்கெல்லாம் எங்க ஹாஸ்டல்ல ஒரு அக்கா நம்பர் குடுத்திருக்காங்கண்ணா. பத்து பர்சென்ட்தான் கேக்குறாங்களாம்."

தம்பி என்னைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு, "முதல்லருந்து சொல்லு" என்றேன்.